"வயிறு இன்னும் உள்ளே போகலையே?"

பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் தொட்டிலுக்கு அடுத்தபடியாகப் பார்ப்பது தாயின் வயிற்றைத்தான். "துணி கட்டலையா?" என்று அக்கறையாகத்தான் கேட்கிறார்கள். பச்சை உடம்போடு உட்கார்ந்திருப்பவளுக்கோ தான் ஏதோ தப்புச் செய்துவிட்டது போல மனசு சுருங்கிப்போகிறது.

பிரசவம் முடிந்த கையோடு கருப்பை கிட்டத்தட்ட ஒரு கிலோ இருக்கும், தொப்புள் உயரத்துக்கு நிற்கும். அது சுருங்கி 100 கிராமுக்குள் வர ஆறு வாரம் பிடிக்கும். துணி கட்டினால் முதுகுக்குத் தாங்கலாக இருக்கும், சிசேரியன் தையலுக்கும் இருமும்போது பிடிமானம் கிடைக்கும். கொழுப்பு கரையாது. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தமெல்லாம் கீழே இறங்கி, ஏற்கெனவே தளர்ந்துபோன இடுப்புத் தசைகளைப் படுத்தும்; தும்மினால் சிறுநீர் கசிவது இன்னும் கூடலாம்.

ஆறு வாரம் தாண்டியும் எழுந்திருக்கும்போது வயிற்றின் நடுவில் கூம்பு போலப் புடைக்கிறதா? மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களைக் குறுக்காக வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு விரலுக்கு மேல் உள்ளே போனால் வயிற்றுத் தசை விலகியிருக்கிறது. பட்டினி கிடந்து இதைச் சரிசெய்ய முடியாது. யூடியூப் பார்த்து சிட்-அப் எடுக்காமல் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

"தண்ணி குடிச்சா வயிறு போடும்" என்று தாகத்தோடு விடுவது பெரிய கொடுமை. மலச்சிக்கல் வரும், முக்கினால் தையல் வலிக்கும். பால் கொடுப்பவளுக்கு முதல் ஆறு மாதம் நாளைக்கு 600 கலோரி கூடுதலாகத் தேவை. மூன்றாம் மாத வாக்கில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், பெரும்பாலும் ஓராண்டுக்குள் நின்றுவிடும். வரித்தழும்பு வெளிறும், முழுக்க மறையாது.

பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் வரும் காரணமில்லாத அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீண்டால் அவள் பேச்சைக் கவனியுங்கள். "குண்டாயிட்டேன்" என்றவள் "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்கிறாளா? பேச்சு உடம்பிலிருந்து அவள் மேலேயே திரும்பிவிட்டது என்றால், அதை அழகுக் கவலை என்று ஒதுக்காதீர்கள். பிள்ளை தூங்கியும் இவளுக்குத் தூக்கம் வராதது இன்னொரு அடையாளம்.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க 1987இல் வந்த எடின்பரோ கேள்வித்தாள் தமிழிலும் உண்டு. கடந்த ஏழு நாளைப் பற்றிப் பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். பொதுவாக 13ஐ எட்டினால் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்கள். பத்தாவது கேள்வி தன்னையே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. அதில் பூஜ்ஜியத்தைத் தவிர எது வந்தாலும், கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். தைராய்டு குறைந்தாலும், ரத்தம் குறைந்தாலும் இதே சோர்வுதான் வரும்.

மாத்திரை என்றதும் பால் நின்றுவிடுமோ என்று வீடே பயப்படுகிறது. மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் மாத்திரை தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. பெரும்பாலும் பாலை நிறுத்த வேண்டியதில்லை. நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். 24 மணி நேரமும் உண்டு, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். ஆனால் முதல் சில வாரங்களில் இரண்டு நாள் தூங்காமலும் களைப்பே தெரியாமல், யாருமே இல்லாதபோதும் யாரோ பேசுவது கேட்கிறது என்றால் போனோடு நிறுத்தாதீர்கள். அவளையும் பிள்ளையையும் தனியே விடாமல், அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.