எக்கேஹார்ட் குடும்பத்துக்கு நூல் கட்டுகிறேன்

எக்கேஹார்ட் 985இல் இன்றைய ஜெர்மனியின் கிழக்கே இருக்கும் மைசன் பகுதியின் மார்க்கிரேவ், அதாவது எல்லைப் பிரபு ஆனவர். எல்பே ஆற்றங்கரையில் கோட்டை, கிழக்கே போலந்து, தெற்கே பொஹீமியா. இவருடைய வம்சாவளியை முதலில் சார்ட் பேப்பரில்தான் வரையத் தொடங்கினேன். இரண்டாம் தலைமுறையிலேயே கோடுகள் சிக்கிக்கொண்டன. சம்பந்தியும் எதிரியும் ஒரே ஆளாக இருந்தால் அவரை எந்தப் பக்கம் எழுதுவது?

சரி, மரம் வேண்டாம், வரைபடம் என்று மாறினேன். சாஃப்ட் போர்டில் சாலே, எல்பே, ஓடர் ஆறுகளை நீல ரிப்பனாக ஒட்டி, ஆட்களை அவரவர் ஊரில் குண்டூசியாகக் குத்தியாயிற்று. ரத்த உறவுக்குக் கறுப்பு நூல், கல்யாணத்துக்கு மஞ்சள் (வேறென்ன நிறம் வைப்பது!), கொலைக்கும் போருக்கும் சிவப்பு.

முதல் சிவப்பு நூல் எல்லைப் பக்கமே போகவில்லை. 1002 ஜனவரியில் பேரரசர் மூன்றாம் ஓட்டோ வாரிசில்லாமல் இறந்ததும் எக்கேஹார்ட் அரியணைக்கு ஆசைப்பட்டார். ஃப்ரோசே என்ற ஊரில் கூடிய சாக்சன் பிரபுக்களில் லியுத்தார் மட்டும் பிடிகொடுக்கவில்லை. "என்மேல் உமக்கு என்ன வருத்தம்?" என்று எக்கேஹார்ட் கேட்க, "உம் வண்டிக்கு நாலாவது சக்கரம் இல்லை என்பது தெரியவில்லையா?" என்றாராம் லியுத்தார். இதற்குப் பின்னால் ஒரு கல்யாணப் பேச்சு இருக்கிறது. எக்கேஹார்ட் தன் மகள் லியுட்கார்டை லியுத்தாரின் மகன் வெர்னருக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் பின்வாங்கப் பார்த்தார். வெர்னரோ அவளை க்வேட்லின்பர்க் மடத்திலிருந்தே தூக்கிக்கொண்டு போய்விட்டான். பிறகு அவளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

இறந்த பேரரசரின் சகோதரிகளுக்காக வெர்லா என்ற இடத்தில் போட்டிருந்த விருந்து மேசையில் எக்கேஹார்ட் தானே போய் உட்கார்ந்து சாப்பிட்ட கதையும் உண்டு. சில நாட்களில், ஏப்ரல் 30 இரவு, ஹார்ட்ஸ் மலையோரம் போல்டே என்ற இடத்தில் அவரைக் கொன்றார்கள். கொன்றவர்கள் போலந்துக்காரர்கள் இல்லை, சாக்சன் பிரபுக்கள். அப்பா போன பிறகு லியுட்கார்ட் அதே வெர்னரைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

இதையெல்லாம் எழுதி வைத்த மெர்சபர்க் பிஷப் தீட்மார், லியுத்தாரின் அண்ணன் தம்பி மகன். அப்படியிருந்தும் எக்கேஹார்டைப் புகழ்ந்திருக்கிறார் என்பதால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் நம்பிக்கை. போர்டில் அவருக்கும் ஒரு ஊசி கொடுத்தேன்.

இப்போது நான் அதிக நேரம் செலவழித்த பகுதி. எக்கேஹார்டின் மகன் ஹெர்மனின் மனைவி ரெகெலிண்டா, போலந்தை ஆண்ட போலெஸ்வாவ் பெற்ற மகள். மைசனிலிருந்து போலந்துக்கு ஒரு மஞ்சள் நூல். ஆனால் போலெஸ்வாவுக்கும், மூன்றாம் ஓட்டோவுக்குப் பின் அரியணை ஏறிய இரண்டாம் ஹென்றி அரசருக்கும் வருஷக்கணக்கில் போர். ஹெர்மனின் அம்மா ஸ்வான்ஹில்டுக்கு முதல் கணவர் மூலம் பிறந்த கேரோவும் ஒரு எல்லைப் பிரபுதான். 1015 செப்டம்பர் 1இல் போலந்துப் படையிடம் சிக்கி அவர் இறந்தார். அதே மாதம் போலெஸ்வாவின் மகன் மியெஷ்கோ மைசனை முற்றுகையிட்டார். உள்ளே காவல் நின்றது ஹெர்மன். அதாவது வெளியே நின்று கோட்டைக்குத் தீ வைத்தது மனைவியுடன் பிறந்தவன்! ஆள் போதாமல் பெண்களும் கல் எடுத்துக் கொடுத்தார்கள். தண்ணீர் இல்லாததால் தேன் மதுவை ஊற்றித் தீயை அணைத்தார்களாம். கோட்டை தப்பியது.

1018 ஜனவரி கடைசியில் பௌட்சன் ஊரில் சமாதானம். அதன் கையோடு ஹெர்மனின் சகோதரி ஓடாவைப் போலெஸ்வாவ் தன் நான்காவது மனைவியாக்கிக்கொண்டார். ரெகெலிண்டாவுக்கு நாத்தனாரே சித்தியாகிவிட்டாள். ஹெர்மனுக்கு மாமனாரே சகோதரியின் கணவர். இரண்டு மஞ்சள் நூல்களும் நடுவில் சிவப்பும் ஒரே ஊசியில் முடிச்சாகிக்கொண்டே இருந்தன. கடைசியில் போலெஸ்வாவுக்கு மட்டும் ஊசியை எடுத்துவிட்டுத் தடிமனான ஆணி அடித்தேன். இப்போது நிற்கிறது. அடிக்கும்போதுதான் தோன்றியது: இந்த எல்லையில் கல்யாணம் போரை நிறுத்தவில்லை, போரும் கல்யாணத்தை நிறுத்தவில்லை.

ஹெர்மனின் தம்பி இரண்டாம் எக்கேஹார்டும் அவர் மனைவி ஊட்டாவும் சுலபம், ஒரே ஒரு மஞ்சள் நூல். நௌம்பர்க் தேவாலயத்தில் சிலையாக நிற்கும் ஊட்டாவைப் படத்தில் பலர் பார்த்திருக்கலாம். 13ஆம் நூற்றாண்டின் நடுவில், அவள் இறந்து சுமார் 200 ஆண்டுகளுக்குப் பிறகு செதுக்கியது அது. அதனால் அந்த முகத்தை அச்செடுத்து ஒட்டும் யோசனையைக் கைவிட்டேன். அண்ணன் தம்பி இருவருக்கும் வாரிசில்லை. 1046இல் ஆண் வழி முடிந்தது.

ஆனால் இன்னொரு சகோதரி மட்டில்டாவின் கறுப்பு நூல் முடியவில்லை. அவள் கணவர் டீட்ரிக்கை 1034இல் கொன்றவர்கள் மச்சான் இரண்டாம் எக்கேஹார்டின் ஆட்கள் என்று சொல்லப்படுகிறது, ஆகவே அங்கேயும் ஒரு சிவப்பு. மட்டில்டாவின் பேரன் ஹென்றிக்கு 1089இல் மைசன் கிடைத்தது. அதுதான் வெட்டின் குடும்பம், 1918 வரை சாக்சனியை ஆண்டவர்கள். அந்த நூலுக்கு என் போர்டில் இடமில்லை. இதே அளவில் இன்னொரு சாஃப்ட் போர்டு வாங்கி வலது பக்கம் ஒட்ட வேண்டும். அதுவரை நூல் உருண்டை செல்லோடேப்பில் தொங்குகிறது.