சக்கரம் இல்லாமலே ஊர் சுற்றிய கட்டடம்

வாடகைக்கு எடுத்த ஆர்வியை, அதாவது சமையலும் படுக்கையும் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியை, திருப்பிக் கொடுத்து நாலு நாள் ஆகிறது. இன்று காலை பில் வந்திருக்கிறது. ஜெனரேட்டர் ஓடியது 11 மணி நேரமாம், மணிக்கு 4 டாலர் வீதம் 44 டாலர். நாங்கள் அதைப் போட்டதே ஒரு மத்தியானம்தான், அப்பாவுக்குப் புழுக்கம் தாங்கவில்லை என்று, மூன்று மணி நேரம். வண்டியை எடுக்கும்போதே ஜெனரேட்டர் மீட்டரைப் போட்டோ எடுத்து வைக்காதது என் முட்டாள்தனம். ஆர்வி எடுக்கப் போகிறவர்கள் வேறு எதைச் செய்கிறீர்களோ இல்லையோ, அதைச் செய்யுங்கள். 

இந்த எரிச்சலிலும் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் கிழக்குக் கோடியில், பொட்டோமாக், ஷெனன்டோவா என்ற இரண்டு ஆறுகள் கூடுகிற முக்கில் இருக்கும் குட்டி ஊர். 2020 கணக்கெடுப்பில் மொத்த ஜனத்தொகை 285. எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்திலேயே அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

ஃப்ரெட்ரிக்கிலிருந்து 340-ஆம் நெடுஞ்சாலையில் வந்தால் மேரிலாந்தில் கிளம்பி, பொட்டோமாக் பாலம் தாண்டி வர்ஜீனியா, கொஞ்ச தூரத்தில் ஷெனன்டோவா பாலம் தாண்டி மேற்கு வர்ஜீனியா. மூன்று மாநிலம் மாறுவதற்குள் பின்னால் இருந்த எவர்சில்வர் பாத்திரங்கள் மூன்று தடவை கச்சேரி வைத்தன. 25 அடி வண்டி. ஒரு கேலன் பெட்ரோலுக்கு 9 மைல் கொடுத்தால் அதிகம். பெட்ரோல் முள் இறங்குவதைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பாதி இயற்கைக் காட்சி போய்விட்டது.

வண்டியோடு பழைய ஊருக்குள் இறங்கலாம் என்று கனவுகூடக் காணாதீர்கள். சரிவும் குறுகலுமான தெருக்கள், கீழே பார்க்கிங் ரொம்பக் கொஞ்சம். மேலே பார்வையாளர் மையத்தில் பெரிய வண்டிகளுக்கு இடம் இருக்கிறது. அங்கே விட்டுவிட்டு ஷட்டில் பஸ்ஸில் போய்விட வேண்டியதுதான். பழைய ஊர் இப்போது தேசிய வரலாற்றுப் பூங்கா, அதன் நுழைவுக் கட்டணத்திலேயே பஸ்ஸும் அடக்கம். எங்களிடம் தேசியப் பூங்கா வருடப் பாஸ் இருந்ததால் அன்று ஒரு செலவாவது மிச்சம். வீட்டை முதுகில் கட்டிக்கொண்டு வந்தது, கடைசியில் அதை மேட்டில் விட்டுவிட்டு இன்னொருத்தர் வண்டியில் போகத்தான்!

கீழே இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது ஒரு சின்னச் செங்கல் கட்டடம். மூன்று பெரிய கதவு, மேலே ஒரு மணிக்கூண்டு. அரசு ஆயுதத் தொழிற்சாலையின் தீயணைப்பு வண்டி நிறுத்தும் கொட்டகை, 1848-இல் கட்டியது. 1859 அக்டோபர் 16 இரவு, அடிமைமுறையை ஒழிக்கக் கிளம்பிய ஜான் பிரௌன் 21 பேரோடு வந்து இந்த ஊரைப் பிடித்தார். இங்கிருக்கும் துப்பாக்கிகளை அடிமைகள் கையில் கொடுத்துவிட்டால் விடுதலை தானாக நடக்கும் என்பது கணக்கு. அந்தக் கலவரத்தில் முதலில் செத்தது ஹேவர்டு ஷெப்பர்டு என்ற ரயில் நிலைய ஊழியர். அவர் அடிமையல்லாத கறுப்பினத்தவர் என்று படித்ததும் என் பெண் இரண்டாம் தடவை அந்தப் பலகையைப் படித்தாள். பிரௌன் கடைசியில் ஒதுங்கியது இந்தக் கொட்டகையில். ராணுவ அதிகாரி ராபர்ட் லீ தலைமையில் வந்த அரசுப் படை 18-ஆம் தேதி காலை கதவை உடைத்துப் பிடித்தது. டிசம்பர் 2-இல் பிரௌனுக்குத் தூக்கு.

இதெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் இருக்கும். என்னை அசர வைத்தது கட்டடத்தின் கதை. 1891-இல் இதைச் செங்கல் செங்கலாகப் பிரித்து சிகாகோவுக்குக் கொண்டுபோனார்கள், 1893 உலகக் கண்காட்சி சமயத்தில் காசு பார்க்க. பத்து நாளில் வந்து பார்த்தவர்கள் 11 பேர்.

"பத்து நாளில் பதினோரு பேரா? நம்ம தெருமுனைப் பிள்ளையாருக்கே அதைவிடக் கூட்டம் வருமேப்பா" என்றார் அப்பா.

அப்புறம் 1895-இல் திரும்பக் கொண்டுவந்து ஊருக்கு வெளியே ஒரு பண்ணையில் கட்டினார்கள். 1906-இல், கறுப்பினத்தவர் உரிமைக்காக டுபாய்ஸ் நடத்திய நயாகரா இயக்கத்தினர் இந்த ஊரில் கூடியபோது அந்தப் பண்ணைக்கு ஊர்வலமாகப் போனார்கள். கோயிலுக்குப் போகிற மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தவரும் அதில் உண்டு. 1909-இல் கொட்டகை மறுபடி பெயர்ந்தது, விடுதலையான அடிமைகளின் படிப்புக்காகத் தொடங்கிய ஸ்டோரர் கல்லூரி வளாகத்துக்கு. 1968-இல் திரும்பவும் ஆற்றோரம். ஆனால் பழைய இடத்தில் இல்லை, சுமார் 150 அடி தள்ளி. பழைய இடத்தை ரயில்பாதைக்காகப் போட்ட மண்மேடு மூடிவிட்டது. ஆக, இத்தனை சுற்றி வந்த அதற்கும் சொந்த ஊரில் பார்க்கிங் கிடைக்கவில்லை! மேட்டின் மேல் ஒரு நடுகல் மட்டும் 'இங்கேதான் இருந்தது' என்று நிற்கிறது. அங்கே நின்று கீழே கொட்டகையைப் பார்த்தேன். எனக்கு என்னவோ அந்த 150 அடிதான் ஊரிலேயே முக்கியமான இடமாகப் பட்டது.

பாறையில் வெட்டிய படிகளில் ஏறி, தேவாலயத்தைத் தாண்டிப் போனால் ஜெஃபர்சன் பாறை. 1783-இல் இங்கே வந்த தாமஸ் ஜெஃபர்சன், பின்னால் ஜனாதிபதியானவர், இந்தக் காட்சிக்காகவே அட்லாண்டிக்கைக் கடந்து வரலாம் என்று எழுதினார். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் கடந்துதானே வந்திருக்கேன்" என்றார். பாறை மேல் ஏறக்கூடாது, சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டுக்குக் கீழே ஐந்து பேருக்கு விலைப்பட்டியலைப் பார்த்ததும் மனைவி ஒன்றும் பேசாமல் பையைத் திறந்துவிட்டாள். ஆறுகள் கூடும் முனையில் உட்கார்ந்து புளியோதரை, வறுத்த அப்பளம். இரண்டு தண்ணீரும் இரண்டு நிறத்தில் வந்து கொஞ்ச தூரம் கலக்காமலே ஓடுகின்றன. பவானி கூடுதுறை ஞாபகம் வராமல் இருக்குமா? எதிர்மலைச் சுரங்கத்திலிருந்து சரக்கு ரயில் ஒன்று பாலத்தில் வந்தது, பையன் 112 பெட்டி எண்ணினான். அழகான ஆறுதான். ஆனால் 1936-இல் இதே ஆறு 36.5 அடி ஏறியது. தெருவில் வெள்ளக் குறிகளை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள், அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

சாயங்காலம் முகாம். ஒரு இரவுக்கு 68 டாலர், அதில் வைஃபை என்று எழுதியிருந்தது பொய். கழிவுத் தொட்டியைக் காலி செய்யப் போனால் வாடகைக் கம்பெனி கொடுத்த குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை. மிச்சத்தை விவரிக்க மாட்டேன். பக்கத்து வண்டிப் பாட்டி தடிமனான கையுறை ஒரு ஜோடி கொடுத்து என் மானத்தைக் காப்பாற்றினார்.

ராத்திரி மனைவி தோசை ஊற்றினாள். மாவு கல்லில் வலது பக்கமாகவே ஓடி, தோசை வெண்டைக்காய் நீளத்துக்கு வந்தது.

"வண்டி சாய்ஞ்சிருக்குப்பா, சக்கரத்துக்கு முட்டுக் கொடு" என்றார் அப்பா.

முட்டுக்கட்டையும் கம்பெனி கொடுக்கவில்லை. அதே பாட்டியிடம் இரண்டு பலகை வாங்கி, வலது சக்கரத்துக்கு அடியில் போட்டு, அப்பா டார்ச் அடிக்க, அரை அடி அரை அடியாக ஏற்றினேன். உள்ளே இருந்து குரல் வந்தது: "போதும் நிறுத்துங்க, வட்டமா வருது!"