காரோனின் படகு: மூன்றாவது வாரக் குறிப்பு

கிரேக்கர்களின் பாதாள உலகத்தை வைத்து நான் உருவாக்கிவரும் சிறிய வீடியோ கேமில் ஆட்டக்காரர் போர்வீரர் அல்லர். இறந்தவர்களை அக்கரை சேர்க்கும் படகோட்டி காரோன். ஐந்து ஆறுகளையும் மூன்று தலை நாய் கெர்பெரஸையும் கொண்டுவர வேண்டும் என்று தொடங்கியவன், இப்போது அக்கெரோன் என்ற ஒரே ஆற்றோடு நிறுத்திக்கொண்டேன். வேலை முடிந்து வந்தபின் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் அதற்கு மேல் ஆகாது.

படகுக் கூலி ஓர் ஓபோல், அதாவது திராக்மாவில் ஆறில் ஒரு பங்கு. அந்தக் காசை இறந்தவரின் வாயில் வைத்து அனுப்புவது கிரேக்க வழக்கம். கடலூர் முதுநகரில், எங்கள் தாத்தாவின் நெற்றியில் சந்தனம் குழைத்து ஒரு ரூபாய்க் காசை ஒட்டியதைப் பார்த்தவன் என்பதால், இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. காசில்லாமல் வருபவரை என்ன செய்வது என்பதில்தான் நான்கு நாள் போயிற்று. அடக்கம் செய்யப்படாதவர்கள் கரையிலேயே நூறு ஆண்டு அலைய வேண்டும் என்று ரோமானியக் கவிஞர் வெர்ஜில் சொல்கிறார்; அதை 100 நொடியாகச் சுருக்கி, அதற்கு முன்பே இரக்கப்பட்டு ஏற்றினால் படகு தாழ்ந்து வேகம் குறையும்படி அமைத்தேன். முதலில் மதிப்பெண்ணைக் குறைத்துப் பார்த்தேன். அபராதம் கட்டுவது போலிருந்ததே தவிர, பாரம் சுமப்பது போலில்லை.

பழைய ஏதென்ஸ் நகரத்து வெண்சாடி ஓவியங்களில் காரோன் கழியோடு நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை உப்பனாற்றங்கரையில் நின்று கவனித்தபோது, கழியை ஊன்றித் தள்ளியவர் அதை உருவி மறுபடி ஊன்றுவதற்குள் படகு தானாகவே வழுக்கிச் செல்வதையும், அதன் முனை நீரோட்டத்தின் பக்கம் சற்றே திரும்புவதையும் கண்டேன். அந்த இடைவெளியைத்தான் கேமில் கொண்டுவர முயன்றேன். பொத்தானை விடாமல் தட்டுபவருக்குப் படகு முன்னேறாது, பொறுத்து ஊன்றுபவருக்கே நகரும்.

என் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடிய படகு, சித்தப்பா மகனின் 144 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது நொடிக்கு 144 முறை படம் மாறும் திரையில், பறந்தது. “அண்ணே, இது படகா, ராக்கெட்டா?” என்றான். கேம் உருவாக்கும் மென்பொருளான கோடோட்டில் நகர்வை ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும், கூட்டிவிட்டு, இரு ஃபிரேம்களுக்கு இடைப்பட்ட நேரமான டெல்டாவால் பெருக்க மறந்திருந்தேன். என் 60 ஹெர்ட்ஸ் திரையைவிட அங்கே 2.4 மடங்கு வேகம். ஒரே வரியில் சரியாயிற்று.

காசு விழும் ஓசை மட்டும் பாக்கி. பித்தளைத் தட்டில் போட்டுப் பதிவு செய்ததில் கோயில் உண்டியல் நினைவு வருகிறது. அடுத்து ஈர மரப்பலகையில் போட்டுப் பார்க்க வேண்டும்.