கொப்புளிப்பானுக்கு எண்ணிய நாட்கள்

2025 மார்ச் 3, திங்கள்

இரவு எட்டரை மணியளவில் தெஹிவளையிலிருந்து மச்சாள் அழைத்தார். மகனுக்குக் காய்ச்சல் என்றும், உடம்பு துடைக்கும்போது முதுகில் நாலைந்து கொப்புளங்களைக் கண்டதாகவும் சொன்னவர், சற்றுத் தயங்கி, “அம்மாள் வருத்தம் போலக் கிடக்கு” என்றார். பிறகு கைத்தொலைபேசிக்குப் படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். சிவந்த திட்டின் நடுவே சவ்வரிசி அளவில் நீர் கோத்த ஒரு கொப்புளமும், அருகில் இன்னும் நீர் வைக்காத இரண்டு சிவப்புப் புள்ளிகளும் தெரிந்தன. இந்தியாவில் சின்னம்மை என்பார்கள். எங்களுக்கு அது கொப்புளிப்பான்.

நேற்று மத்தியானம் அந்தப் பிள்ளை வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில்தான் இருந்தான். சாப்பிட்ட பின் என் மடியில் தலை வைத்துப் படுத்து, வயிற்றில் காதை ஒட்டி, உள்ளே பேபி நித்திரையா என்று கேட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் கிடந்தான். எனக்கு இப்போது 17 வாரம். கொப்புளம் வெளிப்படுவதற்கு ஒன்றிரண்டு நாட்களுக்கு முன்பே தொற்று பரவத் தொடங்கிவிடும் என்பதையும், நோயாளியோடு ஒரே அறையில் 15 நிமிடம் இருப்பதையே வைத்தியர்கள் கணிசமான தொடர்பாகக் கொள்வார்கள் என்பதையும் இன்றிரவுதான் படித்தேன்.

அவனுடைய முன்பள்ளியில் போன வாரமே இரண்டு பிள்ளைகளுக்கு வந்திருந்ததாம். பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் விளையாட்டுப் போட்டிக்கான உடுப்பின் நிறத்தைப் பற்றி நாற்பது தகவல்கள் இருக்கின்றன. இதைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

தொலைபேசியில் விடயத்தைச் சொன்னதும், காத்திருப்போர் பகுதிக்கு வராமல் கடைசி ஆளாக வரும்படி வைத்தியர் கூறினார். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் என்னைப் போன்றவர்கள்தானே. உள்ளே சென்று உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “உங்களுக்கு முன்பு வந்திருக்கிறதா?” என்பதுதான். ஒரு முறை வந்தவருக்கு இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும். அப்படியானால் எனக்கும் பிள்ளைக்கும் பயமில்லை.

வந்தது என்றுதான் நான் முப்பது ஆண்டுகளாக நம்பியிருந்தேன். 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்கு அஞ்சி யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு எல்லோரும் நடந்தபோது எனக்கு மூன்று வயது, அக்காவுக்கு ஆறு. தென்மராட்சியில், மட்டுவிலில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்த காலத்தில் பிள்ளைக்கு அம்மாள் வருத்தம் வந்தது என்று அம்மா சொல்லக் கேட்டே வளர்ந்தேன். இன்று அதையே அழுத்திக் கேட்டபோது, எந்தப் பிள்ளைக்கு என்பதில் அம்மாவுக்குத் தடுமாற்றம் வந்துவிட்டது. பாயில் வேப்பிலை பரப்பியதும், ஒரு கிழமைக்கு அடுப்பில் தாளிதம் வைக்காததும், தண்ணீர் வார்க்க மஞ்சள் கடன் வாங்கியதும் அப்படியே நினைவிருக்கின்றன. பாயில் படுத்திருந்த பிள்ளையின் முகம் மட்டும் மாறி மாறி வருகிறது. என் புருவத்துத் தழும்பைக் காட்டினேன். “அது நீ அம்மிக் குழவியில விழுந்தது” என்றார்.

ஆகவே இரத்தத்திடமே கேட்பதென்று முடிவாயிற்று. இந்த வைரசுக்கான ஐஜிஜி எதிர்ப்பொருள், அதாவது முன்பு வந்துபோன தொற்றின் தடயமாக இரத்தத்தில் தங்கும் புரதம், இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு குப்பி எடுத்தார்கள்.

மார்ச் 6, வியாழன்

இல்லை.

அறிக்கையில் ஒரே வரிதான். தாழ்வாரத்துப் பிள்ளை அக்காதான் போலும். தொரொன்டோவிலிருந்து நெற்றிப் பொட்டில் உள்ள இரண்டு குழித் தழும்புகளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள், வெற்றி பெற்றவளைப் போல.

பிரித்தானியாவில் கர்ப்பிணிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சிறு வயதிலேயே வந்துபோயிருக்கும் என்றும், எங்களைப் போன்ற வெப்ப நாடுகளில் பலர் இந்நோயைச் சந்திக்காமலே பெரியவர்களாகிவிடுவதால் இங்கே அப்படி நம்பியிருக்க முடியாது என்றும் வைத்தியர் விளக்கினார். எனக்கு நோய் வந்துவிட்டால், 20 வாரத்துக்குள் என்பதால், பிள்ளையின் தோலில் தழும்பு, கை கால் வளர்ச்சிக் குறை, கண்ணிலும் மூளையிலும் பாதிப்பு ஆகியவை சேர்ந்து வரும் நிலை நூற்றில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு நேரலாம். அவரைக் கேட்டால் முதலில் யோசிக்க வேண்டியது என்னைப் பற்றி: பெரியவர்களுக்கு, அதிலும் கர்ப்பிணிகளுக்கு, இது நுரையீரலில் இறங்கி நியுமோனியாவாக மாறக்கூடும். வீட்டில் இத்தனை பேர் பிள்ளையைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தபோது அந்த அறையில் ஒருவர் என் மூச்சைப் பற்றிக் கவலைப்பட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது.

நூற்றில் ஒன்று என்பது நோய் வந்தவர்களில்தான். எனக்கு இன்னும் நோய் வரவில்லை. இதை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

அவன் என் மடியில் படுத்து இன்று ஏழாம் நாள். நோய் வராமல் தடுக்க வைத்தியர் எழுதித் தந்த மாத்திரையை இன்றுதான் தொடங்க வேண்டும். அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளுக்கு நான்கு, ஏழு நாட்களுக்கு 28 மாத்திரைகள். முன்பெல்லாம் தொடர்பு ஏற்பட்டு பத்து நாட்களுக்குள் எதிர்ப்பொருள் ஊசி போடுவதே வழக்கமாம். பிரித்தானியாவில் 2022 முதல் அதற்குப் பதிலாக இந்த மாத்திரையையே கொடுக்கிறார்கள். முதல் நாளே விழுங்கினால் என்ன என்று நான் கேட்டிருந்தேன். உடம்புக்குள் நுழைந்த வைரஸ் முதலில் நிணநீர்க் கணுக்களில் ஓசையின்றிப் பெருகி, ஏறத்தாழ ஒரு வாரத்தின் பின்னரே பெருமளவில் இரத்தத்தில் இறங்கித் தோலுக்குப் போகிறது. அது பெருகும் வேளையில் தடுப்பதுதான் இந்த மருந்தின் வேலை என்பதால், நேரத்தோடு தொடங்குவதைவிட நேரம் பார்த்துத் தொடங்குவதே பயனளிக்கிறது என்றார். கர்ப்பிணிகளுக்கென உரிமம் பெற்ற மருந்து அல்ல என்றாலும், பல ஆண்டுப் பயன்பாட்டில் பிறவிக் குறைபாடுகள் கூடியதாகத் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

மாத்திரை சுண்டு விரல் நகத்தைவிடப் பெரிது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

எட்டாம் நாள் முதல் 21ஆம் நாள் வரை, அதாவது 10ஆம் திகதி முதல் 23 வரை, நானே பிறருக்குத் தொற்றைக் கொடுக்கக்கூடியவளாகக் கருதப்படுவேன். கிளினிக்குக்கு வரவேண்டாம் என்று மருத்துவமாது தொலைபேசியில் சொல்லிவிட்டார். அலுவலகத்தில் ஒருத்தி எட்டு மாதக் கர்ப்பிணி. அவளை நினைத்து விடுமுறை போட்டேன். பிரசவத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் தாய்க்கு இது வந்தால், தாயின் எதிர்ப்பொருள் போய்ச் சேருமுன்னே பிள்ளை பிறந்துவிடும் என்பதால், ஆபத்து சிசுவுக்கே அதிகம்.

திருமணப் பதிவு முடிந்த கையோடு இதே மருத்துவமாது வீட்டுக்கு வந்து, ருபெல்லா தடுப்பூசி போட்டதா என்று அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தது நினைவுக்கு வருகிறது. கொப்புளிப்பானுக்கும் தடுப்பூசி உண்டு. ஜப்பானில் மிச்சியாக்கி தக்காஹாஷி அதை உருவாக்கியது 1974இல். எங்கள் தேசிய அட்டவணையில் அது இல்லை. தனியாரிடம் பணம் கொடுத்துப் போட வேண்டும். உயிருள்ள, பலம் குன்றச் செய்த வைரஸ் என்பதால் இப்போது எனக்குப் போடவும் முடியாது.

மார்ச் 17, திங்கள்

பங்குனித் திங்கள். மற்ற ஆண்டுகளில் அம்மா இன்றைக்கு மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனை நினைத்துக் கோவிலுக்குப் போவார். இன்று பல்கனியில் சின்னப் பானையில் பொங்கினார். மருந்துக் கடைக்காரரின் தாயார் கொடுத்ததாக ஒரு கட்டு வேப்பிலை கொண்டுவந்து வாசல் நிலையிலும் செருகினார். எங்களுக்கு இன்னும் ஒன்றும் வரவில்லையே, ஏன் என்று கேட்டேன். “வரக்கூடாதெண்டுதான்” என்றார்.

நான் சிரிக்கவில்லை. இந்த வீட்டில் வருத்தம், உள்ளே வரவேண்டாம் என்று தெருவில் போகிறவருக்கும் விளங்கும்படி அறிவித்தது அந்த இலை. முன்பள்ளியின் மௌனத்தைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் கொப்புளம் கண்ட பிறகுதான் இலை ஏறும். அதற்கு இரண்டு நாள் முந்தியே வைரஸ் படியிறங்கிவிடுகிறது.

மாத்திரை முந்தாநாள் முடிந்தது. காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்கிறேன். குளிக்கும்போது இவர் கைவிளக்கை அடித்து என் முதுகைப் பார்க்கிறார். நேற்றிரவு ஒரு சிவப்புப் புள்ளி எங்களை இரண்டு மணி வரை விழிக்க வைத்தது. காலையில் பார்த்தால் நுளம்புக் கடி.

மார்ச் 20, வியாழன்

மச்சாளின் மகனுக்கு எல்லாம் பொருக்குத் தட்டி உதிர்ந்து, பள்ளிக்குப் போகிறான்.

மார்ச் 24, திங்கள்

நேற்றோடு 21 நாள் நிறைந்தது. காய்ச்சலும் இல்லை, கொப்புளமும் இல்லை. நேற்றே 20 வாரமும் ஆகிவிட்டது.

மாலையில் மருத்துவமாது வந்தார். கர்ப்பிணி அட்டையில் இரத்த வகை எழுதிய இடத்துக்குப் பக்கத்தில், கொப்புளிப்பானுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை என்றும், பிரசவத்தின் பின் இரண்டு தடவை தடுப்பூசி என்றும் சிவப்பு மையால் எழுதினார். பால் கொடுக்கும்போதும் போடலாமாம். மருந்து காத்ததா, அன்று தொற்றவே இல்லையா என்று கேட்டேன். கொஞ்ச நாள் கழித்து இரத்தத்தை மறுபடி பார்த்தால் தெரியவரலாம் என்றார். அவசரமில்லை என்று சொல்லிவிட்டேன். ஸ்கேன் ஏப்ரல் 2ஆம் திகதி.

இரண்டாவது பங்குனித் திங்களின் பொங்கலை அம்மா அவருக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்தார். வாசலில் செருகிய வேப்பிலையை இன்னும் எடுக்க விடவில்லை. காய்ந்து உதிர்கிற இலையைத் தினமும் நான்தான் கூட்டுகிறேன்.