கடைசல் குறிப்புகள்: உளி கொத்திய நாளிலிருந்து

ஜூன் 7, 2025, சனி

பூவரசில் பூரிக்கட்டை கடைந்துகொண்டிருந்தேன். பாதியில் உளி மரத்தில் கொத்தி, கைப்பிடி எகிறி விலாவில் இடித்தது. வலியைவிட பயம்தான் அதிகம். கட்டையைச் சுற்றும் கடைசல் மெஷினை நிறுத்திப் பார்த்தால், சதுரக் கட்டை உருண்டு மெலிந்துகொண்டே போக, உளியைத் தாங்கும் இரும்புத் தாங்கி, அதாவது டூல் ரெஸ்ட் மட்டும் ஆரம்பித்த இடத்திலேயே நிற்கிறது, நடுவில் இரண்டு விரல் இடைவெளி. ரெஸ்ட்டைத் தாண்டி உளி எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்கு மரம் அதைக் கீழே அமுக்கும் விசையும் கூடுகிறது, கை தாங்குவதில்லை.

ஜூன் 8, ஞாயிறு

அம்பாசமுத்திரத்தில் பல வருஷம் சொப்புச் சாமான் கடைந்த அண்ணாச்சி ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார். கட்டையைக் காட்டினேன். பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “தம்பி, ரெஸ்ட்ட எப்ப கடைசியா நகத்துனீங்க?” என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் என் கையைப் பிடித்தே செய்ய வைத்தார். ரெஸ்ட்டுக்கும் மரத்துக்கும் 3 மில்லிமீட்டர் போதும். மெஷின் முழுசாக நின்ற பிறகுதான் ரெஸ்ட்டைத் தொட வேண்டும், நகர்த்தி இறுக்கியதும் கட்டையைக் கையால் ஒரு சுற்று சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்த பிறகே சுவிட்ச். உளி முதலில் ரெஸ்ட்டில் உட்கார வேண்டும், அடுத்து முனைக்குப் பின்னால் சரிவாகத் தீட்டியிருக்கும் சாய்வு மரத்தில் உரச வேண்டும், கைப்பிடியை மெல்ல உயர்த்த உயர்த்தத்தான் முனை வந்து சீவ வேண்டும். நான் இத்தனை நாளும் முனையைத்தான் முதலில் கொடுத்துக்கொண்டிருந்தேன்! பூரிக்கட்டை மாதிரி நீளவாக்குக் கட்டையில் எப்போதும் தடித்த பக்கத்திலிருந்து மெலிந்த பக்கம் நோக்கியே சீவ வேண்டும், மேட்டில் ஏறினால் மரத்தின் ரேகை பிய்ந்துகொள்ளும்.

ஜூன் 14, சனி

வாரம் முழுக்க யூகலிப்டஸ் துண்டுகளில் பழகினேன். ஒருமுறைகூடக் கொத்தவில்லை. ஆனால் உளி ஓரிடத்தில் தட்டித் தட்டிப் போனது. ரெஸ்ட்டின் இரும்பு உளியைவிட மென்மை, உளியின் மூலை அதில் வெட்டு விழ வைத்திருக்கிறது. அரத்தால் ராவி மெழுகு தேய்த்ததும் வழுக்கிக்கொண்டு போகிறது.

கையுறை போட்டுக் கடைபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. சுற்றும் மரம் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். தோளில் துண்டும் வேண்டாம். முகக் கவசம் கட்டாயம்.

ஜூன் 22, ஞாயிறு

முதல் கிண்ணம், 8 அங்குலம். வேகம் நிமிஷத்துக்கு 800 சுற்றில் வைத்தேன். நீளக் கட்டைகளை உருட்டும் அகன்ற குழி உளியை, அதாவது ரஃபிங் கௌஜை எடுக்கப் போனபோது அண்ணாச்சி தடுத்துவிட்டார். அதன் கைப்பிடிக்குள் போகும் வால் மெலிசு. கிண்ணத்தில் ரேகை குறுக்கே வருவதால் ஒவ்வொரு சுற்றிலும் இடி விழும், அந்த வால் ஒடிந்தே போகலாம். கிண்ணத்துக்குத் தண்டு முழுக்கத் தடித்த கிண்ண உளி, அதாவது பவுல் கௌஜ்தான்.

வெளிப்பக்கம் முடிந்தது. ரெஸ்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு உப்புத்தாள் போட்டேன், விரல் இடையில் சிக்காது. உள்பக்கம் அடுத்த வாரம்.