வயிற்றிலேயே தெரிந்த இதயக் குறை: எதைக் கேட்க வேண்டும்

வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு இதயத்தில் குறை என்று கேள்விப்பட்டதும் எல்லாரும் கேட்பது "பிள்ளை தப்புமா டொக்டர்?" என்றுதான். நானும் அதைத்தான் கேட்டேன். எந்தக் குறை என்று தெரியாமல் அதற்கு ஒரு வரியில் பதில் இல்லை.

எங்கள் மகனுக்கு டெட்ராலஜி ஒஃப் ஃபலோ, நான்கு கோளாறுகள் சேர்ந்து வருகிற இதயக் குறை. இதயத்தின் நான்கு அறைகளை மட்டும் பார்த்தால் இது பிடிபடாமல் போகலாம், வெளியே போகும் இரண்டு பெரிய குழாய்களையும் பார்க்க வேண்டும். முதலில் ஸ்கான் செய்த இடத்தில் எல்லாம் சரி என்றுதான் எழுதித் தந்தார்கள். பிறகு பார்த்த நிபுணர் கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் நீலப் பேனையால் ஓர் இதயம் கீறினார்: கீழறைகளுக்கு நடுவில் ஓட்டை, அந்த ஓட்டைக்கு மேலே ஏறி நிற்கும் பெருநாடி, நுரையீரலுக்குப் போகிற வழியில் இறுக்கம், அந்த இறுக்கத்தால் தடிக்கும் வலப்பக்கத் தசை. இறுக்கத்தை மட்டும் இரண்டு தரம் அழுத்திக் கீறினார், ஏனென்றால் பிள்ளை வளர வளர அது கூடினால் கதையே மாறிவிடும், அதனால்தான் திரும்பத் திரும்ப ஸ்கானுக்குக் கூப்பிட்டார்கள்.

மாமி கிரகணத்தைக் குறை சொன்னார். இதயம் உருவாவது முதல் இரண்டு மாதத்துக்குள், கிரகணம் வந்ததோ அதற்கு எவ்வளவோ பிந்தி! சரி, சந்நிதி முருகனுக்கு அவர் வைத்த நேர்த்தியை நான் தடுக்கவில்லை.

நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. இதயத்துக்கு இரண்டு பம்புகளும் வேலை செய்யுமா, ஒன்றுதானா? பெருநாடியையும் நுரையீரல் குழாயையும் இணைத்து, பிறந்ததும் மூடிக்கொள்ளும் சின்னக் குழாயை மருந்து ஏற்றித் திறந்து வைத்திருக்க வேண்டுமா? வேண்டுமென்றால் பிரசவமே கொழும்பில் வைப்பது நல்லது, யாழ்ப்பாணத்திலிருந்து 400 கிலோமீட்டர் பச்சைக் குழந்தையைக் கொண்டு ஓட முடியாது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை, யாழ் போதனா வைத்தியசாலையிலேயே பிறந்தான். நிறமூர்த்தப் (குரோமோசோம்) பரிசோதனை பற்றியும் கேளுங்கள். 22ஆவது நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு குறைந்திருந்தாலோ, டவுன் சிண்ட்ரோம் இருந்தாலோ கணக்கு வேறு. இதயக் குறை தனியே இருந்தால், நல்ல நிலையங்களில் இந்தக் குறையைச் சரிசெய்யும் ஒபரேஷனை நூற்றுக்கு 95க்கு மேற்பட்ட பிள்ளைகள் தாண்டுகிறார்கள்.

ஒபரேஷன்வரை வீட்டில் இருந்த காலம்தான் கஷ்டம். அழுது நீலம் பாரித்தால் முழங்கால்களை நெஞ்சோடு மடக்கிப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்லியிருந்தார்கள், ஒருநாள் விடியற்காலை அதுவும் நடந்தது, கை நடுங்கினாலும் பிடித்தேன்.

அப்புறம் கொழும்பு லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் ஒபரேஷன். இப்போது முற்றத்தில் நிற்கமாட்டான், ஓட்டம்தான். அதற்காகக் கிளினிக்கை விட்டுவிட முடியாது: நுரையீரல் வால்வு கசியும், பெரியவனானதும் மாற்ற வேண்டி வரலாம், ஒழுங்காக எக்கோ என்ற இதய ஸ்கான் எடுக்க வேண்டும். பல் பிடுங்கப் போனாலும் இதய ஒபரேஷன் செய்த பிள்ளை என்று முதலே சொல்லிவிடுகிறோம்.