பேர்க்சேஷியென் தென்முகடு: கொழும்பிலிருந்து போகிறவர்களுக்கு

மலை என்றால் நம் ஆட்களுக்கு இரண்டுதான். ஒன்று சிவனொளிபாதமலை, மற்றது எவரெஸ்ட். 2016 மே 21 அன்று ஜெயந்தி குரு-உதும்பால எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதல் இலங்கையர் ஆனபோது வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலும் பல நாளைக்கு அதே கதைதான். ஆனால் படிக்கட்டும் இல்லாத, ஒட்சிசன் சிலிண்டரும் தேவைப்படாத மலைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ இருக்கின்றன. பாறையில் முன்கூட்டியே போல்ட் (கயிற்றைக் கொழுவுகிற உலோக ஆணி) அடித்து வைத்திருப்பார்கள், சாதாரண உடம்புக்காரர் ஒருவர் ஒழுங்காகப் பழகிக்கொண்டு போய் ஏறலாம். அதில் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் தமிழில் தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை, நம்மில் பாதிப் பேருக்கு சுவிஸில் சொந்தக்காரர் இருந்தும்.

பேர்க்சேஷியென், 2816 மீட்டர். சுவிஸின் ஊரி மாநிலத்தில், கோஷெனன் ரயில் நிலையத்துக்கு மேலே போகிற பள்ளத்தாக்கில் இருக்கிறது. கோடையில் அங்கிருந்து மஞ்சள் தபால் பஸ் அணைக்கட்டு வரை போகும், அதன்பிறகு இரண்டு மணி நேரம் அளவில் நடந்தால் பேர்க்சே மலைக்குடில், 2370 மீட்டர். இரவு தூங்கப்போகிற இடமே சிவனொளிபாதமலையைவிட உயரம், அடுத்த நாள் ஏறி நிற்கிற உச்சியோ நம் பிதுருதலாகலையைவிட ஏறத்தாழ முந்நூறு மீட்டர் மேலே. நாங்கள் ஏறப்போகிற தென்முகட்டின், அதாவது உச்சிக்குப் போகிற தெற்குப் பக்கப் பாறை விளிம்பின், அடிவாரம் குடிலிலிருந்து கிட்டத்தான்.

இனி, எவ்வளவு கடினம் என்பது. வழிகாட்டிப் புத்தகங்களில் 4சி என்று போட்டிருக்கும், சிலதில் 5ஏ; எண்ணும் எழுத்தும் கூடக்கூடக் கடினம் கூடும். பாறை ஏறுகிறவர்களின் கணக்கில் இது தொடக்க நிலை. சுவிஸில் இப்படியான வழிகளை பிளேசியர் என்று சொல்வார்கள்: பாறை நல்லது, போல்ட் நம்பக்கூடியது, மகிழ்ச்சியாக ஏறலாம். யூர்க் ஃபொன் கேனல் என்ற சுவிஸ் ஏறுநர்தான் தொண்ணூறுகளில் இதைப் பரப்பினவர், அவருக்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் 4சி என்பது அந்த ஒரு நகர்வுக்குக் கையும் காலும் எவ்வளவு கஷ்டப்படும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. நாலைந்து மணி நேரம் முகட்டின் மேல் இருக்கப்போகிறீர்கள் என்பதையும், நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் திரும்புவது ஏறுவதைவிடச் சிக்கல் என்பதையும் அந்த எண் சொல்லாது. முதல்முறை போகிறவர்கள் இதைத்தான் மனதில் வைக்கவேண்டும், அதனால்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனது லுசேர்னில் வளர்ந்த என் பெரியம்மாவின் மகள். அக்கா முன்னால் ஏறுவா, ஒவ்வொரு போல்டிலும் கயிற்றைக் கொழுவிக்கொண்டு போவா, நான் கீழே நின்று பிலே பிடிப்பேன், அதாவது அவ விழுந்தால் தடுக்கிற மாதிரிக் கயிற்றைப் பிடித்திருப்பேன். முப்பது மீட்டர் அளவில் போனதும் இரண்டு போல்ட் சேர்ந்திருக்கிற ஒரு நிலை வரும், அங்கே தன்னைக் கட்டிக்கொண்டு "ஸ்டான்ட்!" என்று கத்துவா. பிறகு என் முறை. இப்படி நிலைக்கு நிலை ஏறத்தாழ பத்துத் துண்டுகள். காற்று அடித்தால் மேலே கத்துவது கீழே கேட்காது, அதனால் மூன்று தரம் கயிற்றை இழுத்தால் நான் கிளம்பலாம் என்று குடிலிலேயே பேசி வைத்திருந்தோம், அது இரண்டு இடத்தில் உண்மையாகவே தேவைப்பட்டது.

பாறையைப் பற்றி நிறையச் சொல்லலாம். அந்தப் பக்கத்துக் கருங்கல் சொரசொரப்பானது, கிட்டப் போய்ப் பார்த்தால் வெள்ளைப் படிகங்கள் தனித்தனியாகத் தெரியும், இடையிடையே மஞ்சள்பச்சையாகப் பாசிப்படலம், அது காய்ந்திருந்தால் பிரச்சினை இல்லை, நனைந்தால் வழுக்கும். எனக்குக் கையால் இழுத்து ஏறத்தான் மனம் வரும். முதல் துண்டிலேயே அக்கா மேலிருந்து, "தங்கச்சி, கையை விடு, காலைப் பார்" என்றா. பார்த்தேன். சப்பாத்தின் முன்பக்க ரப்பரை அழுத்தி வைக்க ஒரு விரல் அகலத்தில் ஒரு விளிம்பு, அவ்வளவுதான், அதில் முழு உடம்பையும் நிமிர்த்தி நின்றால் கை சும்மா சமநிலைக்கு மட்டும். முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, குதியைக் கீழே இறக்கி நிற்கப் பழகினால் முழு முகடும் நடக்கிற மாதிரி ஆகிவிடும். சரி, முழுவதும் இல்லை, நடுவில் ஒரு நேரான சுவர் வருகிறது, அங்கே மட்டும் பிடி தேடவேண்டும்.

போல்ட் எல்லா இடத்திலும் அடிக்கடி வராது. கஷ்டமான இடத்தில் நெருக்கமாகவும் சுலபமான இடத்தில் தள்ளித்தள்ளியும் இருக்கும். பின்னால் வருகிறவருக்கு அது பெரிய விசயம் இல்லை, ஆனால் முன்னால் ஏற ஆசைப்பட்டால் உள்ளரங்க ஏறுபயிற்சிச் சுவரில் 5சி ஏறினேன் என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

நேரத்தைப் பற்றிக் கண்டிப்பாக இருக்கவேண்டும். ஆல்ப்ஸில் கோடைப் பின்னேரங்களில் இடிமின்னல் கிளம்பும், முகட்டின் மேல் நிற்கிறவர்களுக்கு அது மிக மோசமான இடம். எங்கள் ஊர் மழை பெய்து ஓய்ந்துவிடும், கடை ஓரமாக ஒதுங்கலாம், அங்கே ஒதுங்க ஒன்றும் இல்லை. அதனால் விடிய எழும்பி, பாணும் தேத்தண்ணியும் முடித்து, வெயில் ஏறமுன்னம் முதல் துண்டில் இருக்கவேண்டும். அவசரம் என்றால் சுவிஸில் ரேகா ஹெலிகொப்டர் மீட்புக்கு 1414, போனில் முன்கூட்டியே பதிந்து வையுங்கள். தலைக்கவசத்தை நிலையில் நிற்கும்போதுகூடக் கழற்றவேண்டாம், மேலே போகிற குழுவின் கயிறு கல்லைத் தட்டிவிடும்.

உயரமும் வேலை காட்டும். 2800 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் நூற்றுக்கு 70 சொச்சம்தான், கடற்கரைப் பக்கத்திலிருந்து நேரே வந்த எங்களுக்கு அது மூச்சில் தெரியும். ஓரிரவாவது குடிலில் தங்கிவிட்டு ஏறுங்கள், பள்ளத்தாக்கிலிருந்து ஒரே நாளில் ஓடி ஏறுகிற வேலை உள்ளூர்க்காரருக்கு.

கொழும்பில் இருந்துகொண்டு என்ன பழகலாம்? நிறைய. 8 வடிவ முடிச்சை இருட்டில் போடுகிற அளவுக்கு, அப்புறம் குளோவ் ஹிச் என்ற முடிச்சை ஒற்றைக் கையால் கரபினரில் (கயிறு கொழுவுகிற உலோகக் கொக்கி) போடுகிற அளவுக்கு. நான் பல்கனிக் கம்பியில் ஒரு துண்டுக் கயிற்றைக் கட்டிவைத்து ஃபோன் கதைக்கும்போதெல்லாம் போட்டுப் பார்ப்பேன். மாடிப்படியில் பையும் தண்ணீர்ப் போத்தலுமாக ஏறி இறங்கினால் காலுக்குப் போதும், இறங்குவதை விடாதீர்கள், அந்த மலையிலிருந்து திரும்பும்போது கற்குவியல்களுக்கூடாகத்தான் வரவேண்டும், முழங்கால் அப்போதுதான் கணக்குக் கேட்கும். பிலே பிடிப்பதை மட்டும் வீடியோ பார்த்துப் பழகாதீர்கள், தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும்.

சொந்தக்காரர் யாரும் ஏறுகிறவர் இல்லை என்றால் உரிமம் உள்ள மலை வழிகாட்டி ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். செலவு கூடத்தான், ஆனால் முதல் முறைக்கு நான் வேறு வழி சொல்லமாட்டேன். ஏறும் சப்பாத்தும் ஹார்னஸும் (கயிற்றைக் கட்ட இடுப்பில் போடுகிற பட்டி) சுவிஸில் வாடகைக்கு எடுக்கலாம், இங்கிருந்து வாங்கிக்கொண்டு போகத் தேவையில்லை. சப்பாத்து நாலைந்து மணி நேரம் காலில் இருக்கப்போகிறது, அதனால் விரல் மடங்காத அளவாகப் பார்த்து எடுங்கள்.